மறுமதிப்பீடு கேட்ட ஜெயவேலு

சேலையூர் கேம்ப் ரோட்டில் ஜெயவேலுவின் பள்ளி வேனைத் தெரியாதவர் கிடையாது. மனுஷர் அந்த ஊரிலேயே பிறந்தவர். அப்பா உழுத நிலத்தில் இன்று அடுக்குமாடி நிற்கிறது, அதைப் பற்றி அவருக்கு ஒரு கவலையும் இல்லை. அவர் பேச்செல்லாம் ஐந்தாறு வருஷத்துக்கு முந்தைய ஒரு மாதத்தைப் பற்றித்தான். "அப்போ ஒரு டைம் இருந்துச்சு பாரு" என்று ஆரம்பித்தாரானால் டீக்கடையில் ஆளுக்கொரு வேலை வந்துவிடும். அத்தனை தடவை கேட்ட கதை. நமக்கென்ன, இன்னொரு தடவை கேட்போம்.

கல்யாணமாகிப் பல வருஷமாக அவருக்கும் தீபாவுக்கும் குழந்தையில்லை. தினமும் ஊரார் பிள்ளைகளை ஏற்றி இறக்கிவிட்டு, காலி வேனோடு வீடு திரும்புவது லேசான காரியமா? கடைசியில் தாம்பரத்தில் ஒரு கருத்தரிப்பு மருத்துவமனைக்குப் போனார்கள். ஊசி, மாத்திரை, ஸ்கேன் எல்லாம் முடிந்து இரண்டு கரு தேறின.

அந்த ஆய்வகத்தில் கருவைக் கேமரா வைத்துப் படம் பிடிப்பார்கள். கம்ப்யூட்டர் அந்தப் படங்களைப் பார்த்து எது நன்றாக வளரும் என்று மார்க் போடும்.

"ஏஐ ஒண்ணுக்கு எண்பத்தாறு குடுத்திருக்கு. இன்னொண்ணு முப்பத்தொண்ணுதான்," என்றார் டாக்டர் நாகலக்ஷ்மி. "நல்லதை வெச்சிடுவோம். மத்தது வேணாம், விட்டுடலாம்."

தீபா தலையாட்டினாள். ஜெயவேலுவுக்குத்தான் சுருக்கென்றது. அவரும் பத்தாவது கணக்கில் நாலே மார்க்கில் கோட்டை விட்டவர். மறுமதிப்பீட்டுக்குப் போடு என்று வாத்தியார் சொல்லியும் அவருடைய அப்பா கேட்கவில்லை. "போனா போவுது, வண்டி ஓட்டக் கத்துக்கோ" என்றுவிட்டார். அந்த ஆற்றாமை இன்றுவரை ஆறவில்லை.

"டாக்டரம்மா, இதுக்கு ரீவேல்யுவேஷன் கீதா?"

தீபா அவர் தொடையைக் கிள்ளினாள். டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இது என்ன பரீட்சைப் பேப்பரா சார்?"

"மார்க்கு போட்டது மெஷினு தானேம்மா? ஒரு ஆளைக் கூப்ட்டு இன்னொரு வாட்டி திருத்தச் சொல்லுங்க."

நல்ல மனசுக்காரி அந்த டாக்டர். ஆய்வகத்தில் கருக்களைப் பார்த்துக்கொள்ளும் அசரியா என்பவரை வரவழைத்துச் சொன்னார். அசரியா உள்ளே போய் மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டு வந்தார். "எனக்கும் அப்படித்தான் சார் தெரியுது. வீக்காதான் இருக்கு."

"வீக்குன்னா? செத்தா பூடுச்சு?"

"இல்ல சார். உயிரோடதான் இருக்கு."

"அப்புறம் இன்னா! அது பாட்டுக்கு ஒரு ஓரமா இருக்கட்டும்."

அவர் பிடிவாதத்துக்காக இரண்டாவதையும் உறைய வைத்தார்கள்.

அந்த மாதத்தை நினைத்தால் இப்போதும் ஜெயவேலுவுக்கு நெஞ்சு நிறைந்துவிடும். மருத்துவமனையிலிருந்து திரும்பும்போது தீபா முன்சீட்டுக்கு வரமாட்டாள். பின்னால் பிள்ளைகள் உட்காரும் சின்ன சீட்டில் காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்து, வேர்க்கடலையைக் கொறித்தபடி இரண்டு பேருக்கும் பேர் தேடுவாள். "எம்பத்தாறு உன்னைய மாதிரி கறுப்பு, முப்பத்தொண்ணு என்னைய மாதிரி சேப்பு" என்பாள். சானடோரியம் சிக்னலில் நிற்கும்போது இவர்கள் சண்டையைப் பார்த்துப் பக்கத்து பைக்குக்காரன் சிரிப்பான். அடேயப்பா, என்ன நாட்கள் அவை! அப்படி அவர்கள் சிரித்தது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

மெஷின் பொய் சொல்லவில்லை. அது கைகாட்டிய கருதான் நித்யஸ்ரீ. இப்போது யுகேஜி, வாயைத் திறந்தால் மூடமாட்டாள். ஆனால் பிரசவத்தில் தீபாவுக்கு ரத்தம் நிற்கவில்லை. உயிரைக் காப்பாற்றக் கர்ப்பப்பையையே எடுக்கவேண்டியதாயிற்று. அதற்கப்புறமும் வருஷா வருஷம் மருத்துவமனையிலிருந்து போன் வரும், அந்த இன்னொன்றை வைத்திருக்கவா என்று. "இருக்கட்டும்மா" என்பார் ஜெயவேலு. ஏன் என்று அவரைக் கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது.

இந்த வருஷம் டாக்டர் நாகலக்ஷ்மி ஓய்வு பெறுகிறார், மருத்துவமனையையும் மூடுகிறார். கருவை வேறு இடத்துக்கு மாற்றவேண்டும், இல்லை விட்டுவிடவேண்டும்.

"யார் வயித்துலய்யா வெக்கப்போற? பாவம், எத்தினி வருசம் குளுர்லயே கெடக்கும்? விட்டுடு," என்றாள் தீபா. டாக்டரிடம் போனில் சம்மதமும் சொல்லிவிட்டாள். நேரில் மட்டும் வரமாட்டேன் என்றுவிட்டாள்.

ஜெயவேலு பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு நேரே அங்கே போனார். "பையனா பொண்ணா, ஒரு வார்த்தை சொல்லுங்கம்மா."

"அது சொல்லக்கூடாது சார். நாங்களும் பார்க்கறதில்ல," என்றார் டாக்டர். பிறகு மெதுவாகக் கேட்டார், "விட்டுடலாமா?"

ஜெயவேலு சரியென்று தலையை ஆட்டினார்.

வீட்டுக்கு வந்தபோது தீபா தரையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

"சொல்லிட்டியா?"

"ம்."

அவள் கீரையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "அழுதுச்சா?" என்று கேட்டாள்.

வேறு யாராவது கேட்டிருந்தால், பைத்தியமா உனக்கு என்றிருப்பார். ஜெயவேலு அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"அது அழுவல தீபா. நான்தான் அழுதேன்."