நாகையாவின் பக்கம் திறக்கவில்லை

மலேசியாவின் கிள்ளானில் டாக்டர் யோகநாதனின் கிளினிக்குக்குள் நுழைந்தால் முதலில் கண்ணில் படுவது புஷ்பவல்லிதான். கவுன்டரில் பெயர் பதிவதும், மருந்து எடுத்துக் கொடுப்பதும், ஊசிக்குப் பயந்து அழுகிற பிள்ளைகளைச் சமாளிப்பதும் அவள் வேலை. கல்யாணம் ஆகவில்லை. அம்மா பாரிசவாயுவில் படுத்த பிறகு வீட்டில் யாரும் அந்தப் பேச்சை எடுக்கவும் இல்லை. டாக்டர் கம்ப்யூட்டர் வாங்கியபோது பிரிக்பீல்ட்ஸில் மாலை வகுப்புக்குப் போய்க் கற்றுக்கொண்டு வந்து, நோயாளிகளின் பழைய அட்டைகளை ஒவ்வொன்றாகத் தட்டி ஏற்றியவள் அவள். ஏற்றி முடித்ததும் அட்டைகள் குப்பைக்குப் போயின.

சுமத்ராக் காட்டுத்தீயின் புகை வந்து ஊரை மூடிய தொண்ணூற்றேழாம் ஆண்டில் அந்தக் கம்ப்யூட்டர் படுத்தது. அதில் இரண்டு ஹார்ட் டிஸ்க் இருந்தன. இரண்டாவது சில நாள் கடக் கடக்கென்று சத்தம் போட்டுவிட்டு நின்றுபோனது. பதிவுகளின் நகல் முதல் டிஸ்கில் இருந்தது நல்லதாய்ப் போயிற்று. கம்ப்யூட்டர் கடை வாசு வந்து கெட்டதைக் கழற்றினான்.

"முடிஞ்சது அக்கா. ஒண்ணும் தொலையல."

மறுநாளிலிருந்து கம்ப்யூட்டர் நகர மறுத்தது. காலையில் சுவிட்சைப் போட்டால் கறுப்புத் திரையிலேயே வெகுநேரம் நின்றது. ஒரு பெயரைத் தட்டினால் பதிவு வருவதற்குள் வரிசையில் இன்னும் நாலு பேர் சேர்ந்தார்கள். வெளியே எதிர்க்கடை தெரியாத அளவுக்குப் புகை, உள்ளே இருமல். புஷ்பவல்லி தனக்குத் தெரிந்ததையெல்லாம் செய்து பார்த்தாள். சீட்டு விளையாட்டை அழித்தாள். வேண்டாத கோப்புகளை அழித்தாள். சாப்பாட்டு நேரத்தில் டிஸ்கை ஒழுங்குபடுத்த விட்டாள். எதுவும் எடுபடவில்லை. வாசு வந்து வைரஸ் தேடினான், மெமரி கூட்டினான்.

"ஸ்டார்ட் ஆகும்போதே எதையோ தேடுற மாதிரி நிக்குது வாசு," என்றாள்.

"பழைய மிஷின் லா அக்கா. டாக்டர்கிட்ட புதுசு வாங்கச் சொல்லுங்க."

அவளும் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை.

அந்த வாரம் நாகையா வந்தார். துறைமுகத்துக்கு லோரி ஓட்டுபவர்; பல வருடமாக வருகிறவர். காய்ச்சலில் கண் சிவந்திருந்தது. தொண்டை வீங்கி எச்சில் விழுங்க முடியவில்லை.

"நேரமாகுமா தங்கச்சி? லோரிய ரோட்டோரம் போட்டுட்டு வந்திருக்கேன்."

பெயரைத் தட்டினாள். திரையில் மணல்கடிகாரம் வந்து நின்றது. உள்ளேயிருந்து மணி அடித்தது. மறுபடியும் அடித்தது. "என்ன புஷ்பா, அடுத்த ஆள் எங்கே?" என்று டாக்டரின் குரல் வந்தது. ஒரு துண்டுத்தாளில் பெயரையும் வயதையும் மட்டும் எழுதி நாகையாவின் கையில் கொடுத்தாள்.

"நீங்க போங்க அண்ணே."

இருமல் மருந்துப் புட்டிகளுக்கு லேபல் ஒட்டிவிட்டுத் திரும்பியபோது திரையில் நாகையாவின் பக்கம் திறந்திருந்தது. பெனிசிலின் ஆகாது என்று மேலேயே பெரிய எழுத்தில் இருந்தது. அவளே தட்டிய எழுத்து. நாற்காலி சாய எழுந்து ஓடினாள். கதவைத் திறந்தபோது டாக்டர் பெனிசிலின் ஊசியைப் போட்டு உருவிக்கொண்டிருந்தார்.

மாற்று மருந்து போட்டுப் பார்த்தார் டாக்டர். ஆம்புலன்ஸ் வந்தது. ஆஸ்பத்திரி போய்ச் சேருமுன் நாகையா இறந்துவிட்டார்.

கிளினிக்கை மூடியிருந்த நாட்களில் டாக்டர் வாசுவைக் கூப்பிட்டு, என்னதான் கோளாறு என்று கண்டுபிடிக்கச் சொன்னார். இந்த முறை அவன் பெட்டியைத் திறந்து, மிச்சமிருந்த டிஸ்கைக் கையில் எடுத்துப் பார்த்தான். அதன் பின்புறக் கம்பிகளில் அரிசி அளவில் ஒரு பிளாஸ்டிக் துண்டு செருகியிருந்தது. அதைப் பிடுங்கி இடம் மாற்றிச் செருகினான்.

"ரெண்டு டிஸ்க் இருந்தப்ப போட்ட ஜம்பர். கழட்டுனப்பவே மாத்தியிருக்கணும். இல்லாத டிஸ்க தேடித் தேடி, விண்டோஸும் குழம்பி மெதுவா ஓடியிருக்கு." புஷ்பவல்லியின் முகத்தைப் பார்க்காமல் திருகாணிகளை முடுக்கினான். விண்டோஸிலும் எதையோ சரிசெய்தான். அதன்பின் தட்டிய பெயர் தட்டியவுடன் வந்தது.

பதினாறாம் நாள் காரியத்துக்குப் புஷ்பவல்லி தனியாகப் போனாள். நாகையாவின் மனைவி இராஜம்மா அவளை அடையாளம் கண்டு உள்ளே அழைத்து உட்காரவைத்தார்.

"மன்னிச்சிடுங்கக்கா," என்றாள்.

இராஜம்மா காப்பியை அவள் பக்கம் நகர்த்தி வைத்தார். பிறகு, "எந்த டாக்டர்கிட்ட போனாலும் அந்த மருந்து எனக்கு ஆகாதுன்னு வாயத் தொறந்து சொல்ற மனுஷன்," என்றார். "உங்ககிட்டயும் சொல்லிக்கிட்டுத்தான் இருந்தாரு. கம்ப்யூட்டர்ல ஏத்திட்டேன், இனிமே ஒவ்வொரு தடவையும் சொல்ல வேணாம்னு நீங்க சொன்னீங்களாமே. வீட்டுல வந்து பெருமையா சொன்னாரு."

புஷ்பவல்லிக்கு ஞாபகம் இல்லை. ஆனால் சொல்லியிருப்பாள். எல்லாரிடமும் அப்படித்தான் சொல்லியிருந்தாள். கொடுத்த காப்பியை வேண்டாமென்று சொல்ல வாய் வராமல் குடித்துவிட்டு வந்தாள்.

விசாரணையில் டாக்டரின் கவனக்குறைவு என்று முடிந்தது. அவள் பெயர் எங்கும் வரவில்லை. டாக்டர் அவளைத் திட்டவும் இல்லை, முன்போலப் பேசவும் இல்லை. வேலையை விட்டுவிட நினைத்தாள். அம்மாவின் மருந்து அங்கிருந்துதான் வந்தது. மறுபடி கவுன்டரில் உட்கார்ந்தாள். திரையில் பதிவு பளிச்சென்று இருந்தாலும் வந்தவரை நிறுத்தி, எந்த மருந்து ஆகாது என்று கேட்பாள்.

"போன வாரந்தானே கேட்டீங்க?" என்று சிலர் சலித்துக்கொண்டார்கள்.

"கேட்டேன். இன்னொரு தடவ சொல்லுங்க."