ஜோடி சேராத இரண்டு கார்புரேட்டர்கள்

நுட்பமாக அளக்கும் வெர்னியர் கருவி எப்போதும் கையில் இருப்பதால், பட்டறையில் அவருக்கு வெர்னியர் அக்கா என்று பெயர். கெட்டிக்காரர் என்று சொல்ல எனக்குத் தயக்கம் உண்டு. அளந்து பார்க்காமல் எதையும் நம்பமாட்டார் என்பதை மட்டும் தயங்காமல் சொல்வேன்.

பல் டாக்டர் வாங்கிய பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார், பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கும் கார்புரேட்டர்கள் இரண்டும் இல்லாமலே பட்டறைக்கு வந்தது. அக்கா அவற்றை மாட்டும் காற்றுக்குழாயின் இரண்டு வாய்களையும் அளந்தார். இரண்டும் ஒன்றரை அங்குலம். எஞ்சின் எண்ணை வைத்துப் பழைய பாகப் புத்தகத்தில் வகையையும் கண்டுபிடித்துவிட்டார். பொருள்தான் கிடைக்கவில்லை.

பட்டறையில் பங்குதாரரான அக்காவின் கொழுந்தனுக்குப் பொறுமை போய்விட்டது. "சனிக்கிழமைக்குள்ள வரலன்னா குழாயை வெட்டி, புது கார்புரேட்டர் ஒண்ணு மாட்டிடறேன் அண்ணி" என்றார். டாக்டரும் தலையாட்டிவிட்டார். வெட்டிய குழாய் பிறகு ஒட்டாது. அதற்கு மாற்றும் கிடைக்காது.

வியாழக்கிழமை பழைய சாமான் கடைக்குப் போன கொழுந்தன் வெறுங்கையோடு திரும்பினார்.

"ரெண்டு இருந்துச்சு அண்ணி. ஆனா ஜோடி இல்ல. ஒண்ணுல பெட்ரோல் கிண்ணம் இந்தப் பக்கம், இன்னொண்ணுல அந்தப் பக்கம். வேணாம்னுட்டேன்."

அக்கா டீ கிளாஸைக் கீழே வைத்தார். "உங்க செருப்பு ரெண்டும் ஒரே மாதிரியா இருக்கு?"

கொழுந்தன் குனிந்து பார்த்தார். ஒன்று இடது, ஒன்று வலது.

"முன்னாடி மாட்டுறதுக்குக் கிண்ணம் ஒரு பக்கம், பின்னாடி மாட்டுறதுக்கு மறுபக்கம். வண்டியை எடுங்க, போவோம்."

கடைக்காரர் இரண்டையும் அதற்குள் வேறு வேறு பெட்டியில் போட்டிருந்தார். "காலையிலதானே சேராதுன்னு உங்க ஆளே சொல்லிட்டுப் போனாரு?"

"அது காலையில" என்றார் அக்கா. வாய்களை அளந்தார். இரண்டும் ஒன்றரை. காற்றைத் திறந்து மூடும் தகட்டைத் தாங்கும் திராட்டில் தண்டை விரலால் ஆட்டிப் பார்த்தார், இரண்டிலுமே தேய்மானம். தேய்ந்த சந்தில் காற்று புகுந்தால் எஞ்சின் சீராக ஓடாது.

"ஓட்டையாச்சே அண்ணி."

"பித்தளையில புஷ் வளையம் போட்டா சந்து அடைஞ்சிடும். லேத்துல உங்க கைதான் நிதானம்."

பொதுவாக அக்கா இப்படியெல்லாம் பாராட்டுபவர் அல்ல. கொழுந்தன் அன்று மாலையே நாலு புஷ் கடைந்தார். வெள்ளிக்கிழமை முழுக்கப் பொருத்தினார்கள்.

சனிக்கிழமை டாக்டர் சாவியைத் திருப்பினார். எஞ்சின் இரண்டு முறை இருமிவிட்டுப் பிடித்துக்கொண்டது. அக்கா ஒரு ரப்பர் குழாயின் முனையைக் காதில் வைத்து, மறுமுனையை ஒவ்வொரு கார்புரேட்டர் வாயிலும் காட்டி, காற்று இழுக்கும் சத்தத்தைக் கேட்டார்.

"ரெண்டும் சமம்."

கொழுந்தன் குழாயை வாங்கி அவரும் கேட்டார். இன்னொரு முறையும் கேட்டார்.

"இல்ல அண்ணி. பின்னாடி இருக்கிறது ஒரு இழை அதிகமா இழுக்குது."

அக்கா மறுபடி காது கொடுத்தார். முன்னால் வைத்தார், பின்னால் வைத்தார். பிறகு திருப்புளியை அவரிடம் நீட்டினார்.

"ஆமா. நீங்களே குறைச்சிடுங்க."