அழுகைக்குக் குரல் கொடுத்தவள்

அயல்மொழித் தொடர்களில் ஒரு பெண் வாய்விட்டு அழுதால், தமிழில் அந்த அழுகை பெரும்பாலும் இவளுடையதாகத்தான் இருக்கும். வசனம் பேச ஒருத்தி, சிரிக்க ஒருத்தி என்று டப்பிங் கூடத்தில் ஆட்கள் உண்டு. தேம்புவது, குமுறுவது, மூக்கை உறிஞ்சிக்கொண்டே சண்டை போடுவது எல்லாம் இவள் இலாகா. இருபத்திரண்டு வருடங்களில் பதினான்கு மகாராணிகள், நாற்பது மருமகள்கள், ஒரு பெண் திமிங்கிலம் ஆகியோருக்காக அழுதிருக்கிறாள். திமிங்கிலத்துக்கு அழுத அன்று தரையைத் துடைக்க இரண்டு வாளி போதவில்லை என்பார்கள். மூன்றாவது வாளியைத் தன் கையால் தூக்கிக்கொண்டு போனதாகச் சத்தியம் செய்கிற ஆளும் இருக்கிறார்.

அங்கே அவளுக்குப் பெயரே விம்மல்தான். "விம்மல் வந்தாச்சு, மைக்குக்கு ஒரு குடை பிடிங்கப்பா" என்பார் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் சவுண்டுக்காரர். வெறும் குரலால் அழ அவளுக்குத் தெரியாது. கண் நனைந்தால் தொண்டை அடைக்கும், தொண்டை அடைத்தால் குரல் உடையும். அந்த வரிசை தப்பியதே இல்லை.

ஊருக்கெல்லாம் அழுதவள் ஒரு மழைக்காலத்தில் படுக்கையை விட்டு எழாமல் கிடந்தாள். தலை வாரவில்லை. பல் தேய்ப்பது மலையேறுவது போல இருந்தது. தனியாக இருப்பவள், கேட்க ஆளில்லை. இரண்டு தெரு தள்ளியிருந்த அக்காதான் தன்னிடமிருந்த சாவியைப் போட்டுத் திறந்துகொண்டு வந்தாள். பார்த்தாள். ஜன்னலைத் திறந்தாள்.

"டாக்டர்கிட்ட டோக்கன் போட்டிருக்கேன். மூஞ்சி கழுவினா கழுவு, இல்லேன்னா அப்படியே வா. அவர் இதவிட மோசமான மூஞ்சியெல்லாம் பாத்திருப்பார்."

மனச்சோர்வு என்றார் டாக்டர். தினம் காலையில் ஒரு மாத்திரை. முதல் இரண்டு வாரம் குமட்டும், வாய் வறளும், தூக்கம் தாறுமாறாகும், பிறகு பெரும்பாலும் அடங்கிவிடும் என்று சொல்லி, வேறு என்னென்ன வரலாம் என்று அச்சடித்த தாள் ஒன்றும் கொடுத்தார். அதை நான்காய் மடித்துக் கைப்பையில் போட்டவள் பிரித்துப் பார்க்கவே இல்லை. அவளுக்குத்தான் அக்கா இருந்தாளே. தினமும் எட்டு மணிக்குப் போன் வரும்.

"முழுங்கினியா?"

"ம்."

"தண்ணி குடிக்கிற சத்தம் கேக்கலையே."

குமட்டல் வந்தது, போனது. ஆறாவது வாரம் எழுந்து தலை வாரினாள். எட்டாவது வாரம் வேலைக்குப் போனாள். அக்காவுக்கு நிம்மதி. அவளுக்கும் நிம்மதிதான். கண்ணாடி அறைக்குள் நின்று, திரையில் குழந்தையைப் பறிகொடுத்த ஒரு தாய்க்காக வாயைத் திறக்கும் வரை.

கண் நனையவில்லை. பழக்க தோஷத்தில் சத்தம் வந்தது. சவுண்டுக்காரர் ஹெட்போனைக் கழற்றிவிட்டுக் கண்ணாடி வழியாகப் பார்த்தார். "இன்னொரு டேக் போவோமா? நடிக்கிறது தெரியுது."

ஒன்பது டேக் ஆயிற்று. அடுத்த மாதம் தாய்மார்களெல்லாம் வேறொருத்திக்குப் போனார்கள். இவளுக்குக் கூட்டத்தில் ஒப்பாரி வைக்கும் பெண்கள் மிஞ்சினார்கள்.

கோபம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. வருத்தமும் வரவில்லை. நெஞ்சைச் சுற்றிப் பஞ்சு அடைத்தது போல எல்லாம் தூரத்தில் நடந்தது. மாதாமாதம் டாக்டர் கேட்பார்: "வேற ஏதாவது தொந்தரவு இருக்கா?" இவள் இல்லை என்பாள். துக்கம் போகத்தானே மாத்திரை? போன துக்கம் கண்ணீரையும் சேர்த்துக் கொண்டுபோய்விட்டது என்று எந்த முகத்தை வைத்துக்கொண்டு புகார் சொல்வது? கை வலிக்கு மருந்து கேட்டவள், வலியைத் திருப்பிக் கொடுங்கள் என்று கேட்பது போலல்லவா இருக்கும்? இது குணமானதன் அடையாளம் என்றே நினைத்துக்கொண்டாள். அக்காவிடமும் வாய் திறக்கவில்லை.

அந்த அக்கா, ஒரு செவ்வாய்க்கிழமை பகலில், துணி மடித்துக்கொண்டிருந்தவள் அப்படியே சாய்ந்துவிட்டாள். மாரடைப்பு. ஆஸ்பத்திரி வரைகூடப் போகவில்லை.

விம்மல் போய் நின்றாள். அக்காவின் முகத்தைப் பார்த்தாள். ஒரு பொட்டுக் கண்ணீர் வரவில்லை. உறவுக்காரர்கள் அவளை ஓரக்கண்ணால் பார்த்தார்கள். டிவியில் எட்டுத் தெருவுக்குக் கேட்க அழுகிறவள் ஆயிற்றே! இன்றைக்கு என்னவெல்லாம் கேட்கப்போகிறோமோ என்று வந்திருந்தவர்கள் ஏமாந்துபோனார்கள். "நெஞ்சழுத்தக்காரி" என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. அக்காவின் ஒரே மகள், கண் இரண்டும் வீங்கிப்போய், நேராக அவள் முன்னால் வந்து நின்றாள்.

"மைக் வெச்சாத்தான் அழுவீங்களா சித்தி?"

குரலை உயர்த்திக்கூடக் கேட்கவில்லை. அந்தக் கேள்வி பஞ்சுக்குள் ஊசி போல இறங்கியது. வலிக்கத்தான் இல்லை.

மறுநாள் எட்டு மணிக்குப் போன் அடிக்கவில்லை. மாத்திரையைக் கையில் எடுத்தாள். பிறகு அதை டப்பாவிலேயே திரும்பப் போட்டு மூடி அலமாரியின் மேல்தட்டில் வைத்தாள். இதை நிறுத்தினால் கண்ணீர் வரும். வந்தால் அக்காவுக்கு ஒரு தடவை முறையாக அழுதுவிடலாம். அவள் போட்ட கணக்கு அவ்வளவுதான்.

மூன்றாம் நாள் தரை படகு போல ஆடியது. கண்ணைத் திருப்பினால் தலைக்குள் சின்னதாக மின்சாரம் அடித்தது, ஒவ்வொரு திருப்பத்துக்கும் ஒன்று. கனவுகளில் பதினான்கு மகாராணிகளும் வரிசையில் வந்து தங்கள் அழுகையைத் திருப்பிக் கேட்டார்கள். ஐந்தாம் நாள் கண்ணீர் வந்தது. எதற்கு என்கிறீர்கள்? சோப்பு விளம்பரத்துக்கு. பஸ்ஸில் ஒருவர் எழுந்து இடம் கொடுத்ததற்கு. செருப்பு வார் அறுந்ததற்கு. அக்காவின் படத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டால் மட்டும் எரிச்சல்தான் வந்தது.

எட்டாம் நாள் டப்பிங் கூடத்தில் ஒரு கிழவிக்கு இரண்டு வரி அழ வேண்டியிருந்தது. ஆரம்பித்தவளால் நிறுத்த முடியவில்லை. முதலில் சவுண்டுக்காரர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். காட்சி முடிந்தது. திரை இருண்டது. அவள் அழுதுகொண்டே இருந்தாள். அவர் கதவைத் திறந்துகொண்டு வருவதற்குள் மைக் கம்பியைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவளுடைய போனில் தினமும் எட்டு மணிக்கு வந்துகொண்டிருந்த அக்காவின் எண்ணைத் தேடி அவர் அழைத்தார். எடுத்தது அக்காவின் மகள்.

அவள் வந்தாள். சித்தியின் கையைப் பிடித்து ஆட்டோவில் ஏற்றினாள். நேரே டாக்டரிடம் விடச் சொன்னாள்.

டாக்டர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். "இருக்கவே வேண்டாம்னு தோணுதா?" என்று நேராகவே கேட்டார். இல்லை என்றாள்.

"அக்கா செத்தப்ப எனக்கு ஒண்ணுமே தோணல டாக்டர். அன்னிக்கு எனக்குப் பசிச்சுது. எல்லாரும் அழுதுட்டிருந்தாங்க. நான் பின்னாடி போய், பக்கத்து வீட்டுலேர்ந்து வந்த சோத்தை ரெண்டு தட்டு சாப்பிட்டேன்."

மகள் பக்கத்து நாற்காலியில் இருந்தாள். விம்மல் அவளைப் பார்க்கவில்லை.

"அந்தத் தாளைப் படிச்சீங்களா?" என்றார் டாக்டர். அவள் கைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்ததை அவரே பிரித்து, பேனாவால் ஒரு வரியைத் தொட்டார். "உணர்ச்சி மரத்துப்போறது. சில பேருக்கு இந்த மாத்திரையில வரும். அது குணமானது இல்லம்மா, பக்கவிளைவு. சொல்லியிருந்தா அளவைக் குறைச்சுப் பாத்திருக்கலாம், வேற மாத்தியிருக்கலாம். இப்ப தலை சுத்துறது, மின்சாரம் அடிக்கிறது, இந்த அழுகை, இதெல்லாம் திடீர்னு நிறுத்தினதால. மறுபடி ஆரம்பிச்சு, மெதுவா இறக்குவோம்."

"ஆரம்பிச்சா கண்ணீர் நின்னுடுமா?"

"நிக்கலாம். கொஞ்ச காலத்துக்கு."

"ரெண்டு நாள் குடுங்க டாக்டர். அக்காவுக்கு அழுதுட்டு ஆரம்பிக்கிறேன்."

டாக்டர் பேனாவை மூடினார். "வந்த கண்ணீர்ல ஒண்ணாவது அக்காவுக்காக வந்துச்சா?"

அவள் அந்தத் தாளை மறுபடி நான்காய் மடித்தாள்.

வெளியே குடிநீர்க் குழாய்க்குப் பக்கத்தில் ஒரு மர பெஞ்சு இருந்தது. மகள் மருந்துக் கடையிலிருந்து மாத்திரை வாங்கி வந்தாள். ஒன்றைப் பிரித்து நீட்டினாள்; உடனே விடவில்லை, இருவர் விரலுக்கும் நடுவில் அது கொஞ்ச நேரம் இருந்தது.

"ரெண்டு தட்டா சாப்பிட்டீங்க?"

"ம்."

"அம்மா இருந்திருந்தா அவங்களே பரிமாறியிருப்பாங்க சித்தி."

விம்மல் மாத்திரையை வாங்கி வாயில் போட்டுக்கொண்டு தண்ணீர் குடித்தாள். இனி அக்காவுக்காக எப்போது அழ முடியுமென்று தெரியாது, முடியுமா என்றும் தெரியாது. தெரிந்தேதான் விழுங்கினாள்.

அப்போது மகள் அழ ஆரம்பித்தாள். இத்தனை நாள் முறையாக, நாலு பேர் பார்க்க அழுதவள், இப்போது வாய் கோணி, எச்சில் வடிய, மூச்சு எங்கே விடுவதென்று தெரியாமல் திணறினாள். நடுநடுவே இருமினாள். பூனை கத்துவது போல ஒரு சத்தம் வந்தது. டப்பிங் கூடத்தில் எவரும் இதை ஒரு டேக் என்று ஒத்துக்கொள்ள மாட்டார்கள். இருபத்திரண்டு வருடத்தில் இப்படி ஓர் அழுகையை அவள் அழுததே இல்லை.

அந்தத் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு, காய்ந்த கண்களோடு, ஒரு சத்தத்தையும் தவறவிடாமல் அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.