டில்லிபாபு அண்ணனும் ஒரு கொழுப்பு மாத்திரையும்

ஃபேக்டரி நர்ஸ் வேலை என்பது விரலை வெட்டிக்கொண்டு வருகிறவர்களுக்குக் கட்டுப் போடுவது கால்வாசி, வலிக்காத நோய்க்கு மாத்திரை போடச் சொல்லிக் கெஞ்சுவது முக்கால்வாசி. ஒரகடம் பக்கம் எந்தக் கம்பெனியில் இந்த வேலை பார்த்தாலும் நீங்கள் ஆமாம் என்பீர்கள். எனக்கு வாய்த்தவர், தகடு அழுத்தும் பிரஸ் ஷாப்பில் வேலை பார்க்கும் டில்லிபாபு அண்ணன், படப்பைக்காரர். அவரோடு கூடப்பிறந்த அண்ணன் நாற்பத்தைந்து வயதில் மாரடைப்பில் போய்விட்டார். இவருக்கும் அந்த வயது நெருங்கிக்கொண்டிருந்தது.

ரத்தம் கொடுத்த மறு நிமிஷம்

வருஷத்துக்கு ஒரு முறை கம்பெனியில் எல்லாருக்கும் ரத்தப் பரிசோதனை. தேதி நோட்டீஸ் போர்டில் ஏறியதும் கேன்டீனில் போண்டா மீந்துபோகும், ஆளாளுக்கு ஓட்ஸ் கஞ்சியோடு உட்கார்ந்திருப்பார்கள். டில்லிபாபு அண்ணனும் ஒரு வாரம் கஞ்சிதான். ரத்தம் கொடுத்த கையோடு எதிர்க்கடைக்குப் போய் ஆட்டுக்கால் பாயா முன்னால் உட்கார்ந்துவிட்டார். இது நியாயமா என்று கேட்டேன். நிதானமாக எலும்பை உறிஞ்சி முடித்துவிட்டுச் சொன்னார்: "பரீட்சதான் முடிஞ்சிப்போச்சே சிஸ்டர், இனிமே இன்னாத்துக்குப் படிக்கணும்?"

புரட்டாசி

அவ்வளவு கஞ்சி குடித்தும் கெட்ட கொழுப்பு எக்கச்சக்கமாக வந்தது. டாக்டர் தினம் ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். அதைப் போட்டால் லிவர் போய்விடும் என்று யாரோ ஓதிவிட்டார்கள். அண்ணன் தொடவே இல்லை. அதற்குப் பதில் ஷேர் ஆட்டோவில் கூட வருகிறவரிடம் மீன் எண்ணெய் மாத்திரை டப்பா வாங்கி விழுங்கினார். அது இதற்கு ஈடாகாது, லிவரை நாங்களே டெஸ்ட் பண்ணிப் பார்த்துக்கொள்வோம் என்று தொண்டை வறளச் சொன்னேன். யார் கேட்டார்கள்? புரட்டாசி பிறந்ததும் அந்த டப்பாவையும் மூடி வைத்துவிட்டார். ஏன் என்று கேட்டால், "பெருமாள் மாசத்துல கவுச்சி துன்னா வூட்ல சேக்க மாட்டா சிஸ்டர்."

படுக்கும்போது ஒன்று

அதே மாசம் ஒரு மத்தியானம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு என் ரூமுக்கு வந்தார். ஆம்புலன்ஸில் கூடவே போனேன். ஆஸ்பத்திரியில் ஈசிஜி எல்லாம் எடுத்துப் பார்த்துவிட்டு இதயத்தில் ஒன்றுமில்லை, வாயுதான் என்றார்கள். ஆனாலும் மனுஷர் பயந்துபோய் டாக்டர் எழுதிய மாத்திரையை ஆரம்பித்தார். அப்பாடா என்று இருந்தேன். அடுத்த டெஸ்டில் கொழுப்பு பேருக்குத்தான் இறங்கியிருந்தது. குடைந்து குடைந்து கேட்டதில் விஷயம் வெளியே வந்தது. ராத்திரி படுக்கும்போது போடுங்கள் என்று டாக்டர் சொன்னாராம், அதனால் நைட் ஷிஃப்ட் வாரம் முழுக்க மாத்திரை கிடையாது. "நைட் ஷிஃப்ட்ல நான் எங்க சிஸ்டர் படுக்கறது? சூப்பர்வைசர் பாத்தா மெமோ குடுத்துடுவாரு."

மூத்தவர்

டாக்டரிடம் கேட்டு, எந்த ஷிஃப்டானாலும் சாயங்காலம் ஒரே நேரத்தில் போடச் சொன்னேன். அவர் மனைவியிடமும் போனில் சொல்லிவைத்தேன். பாயா அபூர்வமானது, கொழுப்பும் மெதுவாக இறங்கியது. போன மாதம் ஷிஃப்ட் முடிந்து என் ரூம் வாசலில் வந்து நின்றார். புதுசாக என்ன சந்தேகமோ என்று எரிச்சலோடுதான் நிமிர்ந்தேன். கண் கலங்கியிருந்தது. "எங்கண்ணன் வயச தாண்டிட்டேன் சிஸ்டர். இனிமே அவருக்கு நான்தான் மூத்தவன்."

எதுவும் நடக்காமல் பார்த்துக்கொள்வதுதான் நம் வேலை என்பதால், நாம் வேலை பார்த்தது மட்டும் கம்பெனியில் ஒருத்தர் கண்ணிலும் படுவதில்லை.