சித்தி பாசிட்டிவ்

கண்ணாடித் தகட்டில் மண்ணிறப் புள்ளிகள். பிளேன்டீயில் தொட்டு வைத்தது போல...

பதுளையில் லேப் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம். மைக்ரோஸ்கோப்புக்குக் கீழே இருந்தது என் சித்தியின் மார்பிலிருந்து எடுத்த கட்டி.

அந்த நிறத்துக்குத்தான் நான் காத்திருந்தேன். புற்றுநோய் செல்லில் ஹோர்மோன் வந்து ஒட்டிக்கொள்ளும் இடங்கள் இருந்தால்தான் நிறம் ஏறும். அப்படி இருந்தால் அதற்கென்று ஒரு மாத்திரை உண்டு. ஏறாவிட்டால் அந்த மாத்திரையால் பயனில்லை.

டாக்டர் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டதும் மடுல்சீமைத் தோட்டத்திலிருக்கும் சித்திக்கு கோல் எடுத்தேன்.

"சித்தி, பாசிட்டிவ்."

சிரித்துக்கொண்டே சொன்னேன். லைன் அறுந்தது. அங்கே சிக்னல் அப்படித்தான்... விட்டுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போனால், சித்தியின் தட்டும் கோப்பையும் தனியாகக் கவிழ்ந்து கிடந்தன. படுக்கும் பாய் குசினியில், அடுப்புக்குப் பக்கத்தில். எட்டு வயது மகளை மூன்று நாளாகப் பக்கத்தில் விடவில்லை. நாளைக்குக் கிளினிக்குக்கும் வரமாட்டாராம். பஸ்ஸில் ஏறினால் மற்றவர்களுக்கு ஒட்டிவிடுமாம். அங்கே போனால்தான் மாத்திரை.

கொரோனா நேரம் உங்களுக்கெல்லாம் ஞாபகம் இருக்கும். சுவரோடு சுவர் ஒட்டிய வரிசை வீடுகள் எங்கள் லயம்; அங்கே பாசிட்டிவ் என்றால் கயிறு கட்டி அடைப்பு. பக்கத்து வீட்டு ஜன்னல்கூடத் திறக்காது. அங்கேயே பிறந்த நான் அதை எப்படி மறந்தேன்...

வாசலில் நின்றே விளக்கினேன். ஹோர்மோன் உட்காரும் இடத்தை மாத்திரை முந்திப் போய்ப் பிடித்துக்கொள்ளும். ஹோர்மோன் ஒட்ட முடியாது. கட்டி வளர அதன் தூண்டுதல் இல்லை.

சித்தி குசினியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"பஸ் ஸ்டேண்ட்ல ஜன்னல் வழியா பேக்க போட்டு சீட்டுப் புடிப்போமே... அப்படியா?"

"அதேதான் சித்தி."

"அப்ப சீட்டு இருக்குங்கிறதுதான் பாசிட்டிவா?"

"ஆமா."

"இத மொதல்லயே சொல்றதுக்கென்ன, படிச்ச கழுத. மூணு நாளா புள்ளையத் தொடாம கெடந்தேன்."

அதற்குள் மகள் குசினிப் பாயைச் சுருட்டி உள்ளே கொண்டுபோய்விட்டாள்.

திங்கட்கிழமை சித்தி கிளினிக்குக்கு வந்தார். பஸ்ஸில்தான்.

இப்போது மரபணுவில் எது மாறியிருக்கிறது என்றுகூட ரிப்போர்ட் வருகிறது. பெயர்கள் இன்னும் நீளம். முன்பு போல ஒரே சொல்லில் சந்தோஷப்பட்டு போனை எடுக்க முடிவதில்லை... கொஞ்சம் ஏக்கம்தான்.

சித்தி மட்டும் இன்னும் சுருக்கமாகத்தான் பேசுகிறார். தினமும் காலையில் மாத்திரை போட்டதும் ஒரு வொய்ஸ் மெசேஜ். இன்றும் வந்தது.

"பேக்க போட்டாச்சு."