நகத்தில் இருக்கட்டும் அந்த மை

அமெரிக்காவில் நாங்கள் இருக்கும் பிஸ்கட்டவே ஊரில் ரசியா பேகத்தைத் தெரியாதவர்கள் குறைவு. மருந்து கம்பெனியில் மாத்திரைகளைச் சோதிக்கிற வேலை. மற்ற நேரமெல்லாம் படம் வரைவாள். மசூதி இஃப்தார் பேனரா, எங்கள் வீட்டு நவராத்திரி அழைப்பா, கூப்பிட்ட குரலுக்கு வந்து நிற்பாள். நான் மீனாக்ஷி, பதினாறு வருடமாகப் பக்கத்து வீடு.

போன வருடம் குடியுரிமை வாங்கி இந்த நாட்டில் முதல் ஓட்டுப் போட்டாள். போட்டதும், சென்னை மண்ணடியில் பழகிய பழக்கம், இடது கை விரலை நீட்டியிருக்கிறாள். இங்கே மை வைக்க யார் இருக்கிறார்கள்? வாக்குச்சாவடியில் வேலை பார்த்த ஒரு அம்மா ஒன்றும் புரியாமல், ஓட்டுப் போட்டவர்களுக்குத் தரும் ஸ்டிக்கரை அந்த விரலிலேயே ஒட்டிவிட்டாராம். இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

இந்த வருடம் அந்த ஸ்டிக்கருக்குப் புதுப் படம் கேட்டு, கவுண்டி என்கிற எங்கள் மாவட்ட நிர்வாகம் போட்டி வைத்தது. ரசியா வரைந்தது ஒரு விரல், நகத்தில் மை, சுற்றிலும் நட்சத்திரங்கள். கடைசிச் சுற்றுவரை வந்துவிட்டது. அப்போதுதான் போட்டிக் குழுவிலிருந்து மெயில்: அடிபட்ட விரல் போலிருக்கிறது, கறையை மட்டும் எடுத்துவிடுங்கள்.

"எடுத்துத் தொலையேன்டி. ஜெயிக்க வேணாமா?" என்றேன்.

"மை இல்லன்னா அது வெறும் விரல், மீனா. ரிஜெக்ட் பண்ணா பண்ணட்டும்."

வாய்தான் அப்படிச் சொன்னது. இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அந்தப் படம் ஊரார் நெஞ்சில் ஒட்டியிருக்க வேண்டும் என்று அவ்வளவு ஆசை.

குழுவின் கூட்டத்துக்கு நானும் போனேன். அவள் மைக் முன்னால் போய் நின்றாள். எங்கள் ஊரில் மூட்டை தூக்குகிறவருக்கும் கலெக்டருக்கும் ஒரே மைதான், காசு கொடுத்தாலும் கிடைக்காது, ஓட்டுப் போட்டால்தான் வைப்பார்கள் என்றாள். இந்த நாட்டில் குடிமகள் ஆனதை இதைவிட நன்றாக எனக்கு வரையத் தெரியாது என்று சொல்லி உட்கார்ந்துவிட்டாள். மறுவாரம் முடிவு வந்தது. மையோடுதான் ஜெயித்தாள்.

தேர்தலன்று நான்தான் காரில் கூட்டிப்போனேன். அவளே தேர்தலில் ஜெயித்த மாதிரி ஸ்டிக்கரோடு வெளியே வந்தாள். பரிசாகக் கொடுத்த ஒரு ரோல் ஸ்டிக்கர் வேறு அவள் கைப்பையில். நான் கையை நீட்டினேன்.

"எனக்கும் ஒண்ணு குடுடி."

"நீ இன்னும் கிரீன் கார்டுதானே, ஓட்டு இல்லையே? இது ஓட்டுப் போட்டவங்களுக்கு."

"ஏய், நான் உன் ஃப்ரெண்டுடி!"

"அதனாலதான் சொல்றேன். சிட்டிசன்ஷிப்புக்கு அப்ளை பண்ணு, பத்து வருஷமா சோம்பேறித்தனம். ஓட்டுப் போட்டுட்டு வா, நானே ஒட்டிவிடறேன்."

கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடிவிட்டாள். எனக்குச் சுருக்கென்றுதான் இருந்தது. ஆனால் சிநேகிதியாயிற்றே என்று எடுத்துக் கொடுத்திருந்தால், அன்று கூட்டத்தில் அவள் பேசியதற்கு என்ன அர்த்தம்?