அம்மன் கண்ணுக்குக் குடை பிடித்தவர்

இரண்டு வருடத்துக்கு முன்னால், மாசி மகத்தன்று, புதுச்சேரி கடற்கரையில் நடந்தது இது. அதுவரை எங்கள் ஊரில் என்னைவிட விவரமான ஆள் கிடையாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நான் ஷேர் ஜீப் ஓட்டுகிறவன். தினமும் புதூர்நாட்டிலிருந்து திருப்பத்தூருக்கு இறங்கி ஏறுகிறவன். நாலு இடம் பார்த்தவன் என்கிற நினைப்பு எனக்கு நிறையவே உண்டு.

ஜவ்வாது மலையில் எங்கள் ஊர் ரொம்பச் சின்னது. எங்கள் அம்மன் மலையை விட்டு இறங்கமாட்டாள். அதனால் மாசி மகத்துக்கு அவளுடைய கண்மலர் மட்டும் கடலுக்குப் போய் நீராடிவிட்டு வரும். கண்மலர் என்றால் வெள்ளியில் செய்த இரண்டு கண்கள். மறுநாள் காலையில் அவை திரும்பி வந்து அம்மன் முகத்தில் ஏறிய பிறகுதான் ஊரே பொங்கல் வைக்கும். வருடத்துக்கு ஒரு வீடு எடுத்துப் போவது வழக்கம். அந்த வருடம் எங்கள் வீட்டு முறை வந்தது.

நான், என் மனைவி, என் அக்கா மூன்று பேரும் கிளம்பினோம். பூசாரி கண்மலரை மஞ்சள் துணியில் முடிந்து, ஒரு மூங்கில் கூடையில் வைத்து என் கையில் கொடுத்தார். மேலே ஒரு வேப்பங்கொத்து. என் மனைவிக்கும் அக்காவுக்கும் கடல் பார்ப்பது அதுதான் முதல் தடவை. எனக்கும் அதுதான் முதல் தடவை, ஆனால் அதை நான் வெளியே சொல்லிக்கொள்ளவில்லை.

விடிந்தபோது கடற்கரையில் இருந்தோம். அத்தனை கூட்டத்தை நான் பார்த்ததே இல்லை. எந்தெந்த ஊர்ச் சாமிகளோ டிராக்டரிலும் லாரியிலும் வந்து வரிசையாக நின்றன. குடை, மேளம், வாண வேடிக்கை. ஊருக்கு ஊர் மைக். நாங்கள் ஒரு பெருமாள் நீராடுகிற இடத்துக்குப் பக்கத்தில் இறங்கி, கண்மலரை மூன்று முறை முக்கி எடுத்து, மறுபடி மஞ்சள் துணியில் முடிந்து கூடையில் வைத்தோம். வந்த வேலை முடிந்தது.

அப்புறம்தான் நாங்கள் குளிக்கவேண்டும். என் மனைவி, "நீங்களும் அக்காவும் போய்ட்டு வாங்க, நான் கூடைகிட்ட உக்காந்துக்கறேன்" என்றாள். சொல்லும்போதே அவள் கண் அலை மேல்தான் இருந்தது. கல்யாணமாகிப் பதினெட்டு வருடத்தில் அவளை நான் கூட்டிக்கொண்டு போன தூரமான இடம் திருவண்ணாமலைதான். அவளைக் கரையில் உட்காரவைத்துவிட்டு நான் எப்படி இறங்குவது?

எங்கள் மலையில் ஒரு வழக்கம் இருக்கிறது. காட்டில் புளி பொறுக்கிக் குவித்துவிட்டு வீட்டுக்கு வரவேண்டியிருந்தால், குவியல் மேல் ஒரு பச்சைக் கொத்தை ஒடித்து வைத்துவிட்டு வந்துவிடுவோம். விறகுக் கட்டானாலும் அப்படித்தான். இது ஒருத்தருடையது, திரும்பி வருவார் என்று அர்த்தம். இரண்டு நாள் கிடந்தாலும் யாரும் தொடமாட்டார்கள். நான் அதே நம்பிக்கையில் கூடையை மேட்டு மணலில் வைத்தேன். வேப்பங்கொத்தை எடுத்து நன்றாகத் தெரிகிற மாதிரி மேலே சாய்த்தேன். அடையாளத்துக்குப் பக்கத்தில் நின்ற பெருமாள் டிராக்டரையும் பார்த்துவைத்துக்கொண்டேன். பச்சைக் கொத்து இருக்கும்போது எவன் தொடப்போகிறான் என்று சொல்லி, மனைவியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன்.

காலுக்கடியில் மணல் நழுவியபோது அவள் என் தோளைக் கட்டிக்கொண்டு சின்னப் பெண் மாதிரிக் கத்தினாள். அக்கா ஒரு வாய் தண்ணீரைக் குடித்துவிட்டு, "யார்ரா இவ்ளோ உப்பக் கொட்னது" என்று துப்பினாள். நாங்கள் சிரித்த சிரிப்பில் நேரம் போனதே தெரியவில்லை. அலை எங்களைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பக்கவாட்டில் நகர்த்திக்கொண்டே போனதும் தெரியவில்லை.

கரையேறினால் டிராக்டரைக் காணோம். குளித்து முடித்த பெருமாள் ஊருக்குக் கிளம்பிப் போய்விட்டார்.

மலையில் ஒவ்வொரு பாறைக்கும் பெயர் உண்டு, கண்ணைக் கட்டிவிட்டாலும் வழி சொல்வேன். இங்கே எந்தப் பக்கம் திரும்பினாலும் மணல், அதன் மேல் ஜனம். வடக்கே ஓடினேன், தெற்கே ஓடினேன். கூடை கண்ணில் படவே இல்லை. அக்கா அம்மனைக் கூப்பிட்டு அழ ஆரம்பித்துவிட்டாள். என் மனைவி ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது. நாளைக் காலையில் ஊர் முழுக்கப் பானையோடு காத்திருக்கும், நான் கண்ணில்லாத அம்மன் முன்னால் போய் நிற்கவேண்டும்.

காணாமல் போன பிள்ளைகளைப் பற்றி அறிவிக்கிற பந்தலுக்கு ஓடினேன். மைக் பிடித்திருந்தவரிடம் என்ன சொல்வது? "எங்க அம்மன் கண்ணு காணோங்க" என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். நான் குடித்திருக்கிறேனா என்று யோசித்திருப்பார் போலிருக்கிறது. விளக்கிக்கொண்டிருக்கும்போதே என் மனைவி மூச்சிரைக்க வந்து என் கையைப் பிடித்து இழுத்தாள்.

கூடை நான் வைத்த அதே இடத்தில் இருந்தது. அதற்கு இந்தப் பக்கம் ஒரு மாங்காய்க் கூடை, அந்தப் பக்கம் ஒரு வெள்ளரிக்காய்க் கூடை. நடுவில் ஓர் அம்மா, ஐம்பது வயது இருக்கும், கால் இரண்டையும் நீட்டி வழியை மறித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வெயில் அவர் தலையில் சுட்டுக்கொண்டிருந்தது. கையிலிருந்த குடையை எங்கள் கூடைக்குப் பிடித்திருந்தார். வேப்பங்கொத்துகூட வாடாமல் இருந்தது.

"இன்னாங்க நீங்க, சாமிய நடு மணல்ல வெச்சிட்டு இப்டியா போவாங்க?" என்று என்னைத்தான் பிடித்தார்.

எங்கள் ஊர் வழக்கத்தைச் சொன்னேன். சொல்லும்போது எனக்கே கேலியாக இருந்தது. அவர் சிரிக்கவில்லை.

"அதெல்லாம் எனுக்குத் தெரியாதுங்க. கொத்து பச்சையா, பதவிசா வெச்சிருந்திச்சி. யாரோ நம்பி வெச்சிட்டுப் போயிருக்காங்கன்னு பட்டுச்சி. வேற எடத்துல எடுத்து வெச்சா நீங்க எங்க வந்து தேடுவீங்க?" என்றார். இரண்டு பேர் வந்து எடுக்கப் பார்த்தார்களாம். தன்னுடையது என்று சொல்லித் துரத்திவிட்டாராம்.

கூடையைத் தொட்டுக் கும்பிட்டேன். கண்ணீர் வந்துவிட்டது, மறைக்கத் தோன்றவில்லை. அப்போதுதான் என் மனைவி அந்த மாங்காய்க் கூடையைப் பார்த்தாள். நிரம்பியிருந்தது. வருடத்திலேயே அதிகம் விற்கிற நாளில், கூவிக்கொண்டு நடந்தால்தான் ஓடுகிற சரக்கு, அந்த அம்மா எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்ததால் அப்படியே கிடந்தது. நான் சட்டைப் பைக்குள் கையை விட்டதும் அவர் முகம் மாறியது. கையை எடுத்துவிட்டேன்.

என் அக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு மாங்காய்க் கூடையைத் தூக்கித் தலையில் வைத்தாள். அவள் எங்கள் ஊர் ஜீப் நிறுத்தத்தில் சீத்தாப்பழமும் பலாச்சுளையும் விற்கிறவள். அவள் குரல் எதிர் மலைக்குக் கேட்கும். அன்றைக்கு அத்தனை மைக்கையும் தாண்டி மாங்காய் மாங்காய் என்று அவள் கூவியதைப் பார்த்திருக்கவேண்டும். என் மனைவி வெள்ளரிக்காய் கீறினாள். நான் மிளகாய்த்தூள் தடவினேன், இந்த முறை கண்மலர்க் கூடையை மடியில் வைத்துக்கொண்டு. மூன்று மணிக்கெல்லாம் இரண்டு கூடையும் காலி. அந்த அம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை, "மலைக்காரங்களுக்கு வாய் இன்னா வாய்" என்றார்.

கிளம்பும்போது என் மனைவி மஞ்சள் முடிச்சை அவிழ்த்துக் கண்மலரை நீட்டினாள். அவர் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாங்கி, தன் கண்ணில் ஒற்றிக்கொண்டு திருப்பிக் கொடுத்தார்.

மறுநாள் விடியற்காலை ஊர் வந்து சேர்ந்தோம். மறைத்திருக்கலாம், மனசு வரவில்லை. கோயில் வாசலில் எல்லாருக்கும் முன்னால் நடந்ததைச் சொன்னேன். வசவு விழும் என்று குனிந்து நின்றேன். பூசாரி கண்மலரை வாங்கி ஈரத்துணியால் துடைத்தபடி ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "அந்தம்மா பேரு இன்னா?"

நாங்கள் மூன்று பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம். அரை நாள் கூடவே உட்கார்ந்து மாங்காய் விற்றிருக்கிறோம், பெயர் கேட்கவில்லை. கூடையைத் தொலைத்ததைவிட அது எனக்கு வெட்கமாக இருந்தது. அதனால்தான் இப்போதும் பொங்கல் பங்கிடும்போது, கடைசி வீட்டுக்குப் பிறகு, 'மாங்காக்காரம்மா' என்று சொல்லி ஓர் இலையில் ஒரு பங்கு வைக்கிறார்கள்.

புளிக் குவியல் மேல் பச்சைக் கொத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அவர் குடைதான் ஞாபகம் வருகிறது. இத்தனை வருடமும் எங்கள் மலையில் அந்த இலை எதையும் காப்பாற்றவில்லை, அதைப் பார்த்துவிட்டுத் தொடாமல் போன மனிதர்கள்தான் காப்பாற்றியிருக்கிறார்கள் என்பதைக் கடலோரத்தில் ஒரு மாங்காய்க்கார அம்மாதான் எனக்குத் தெரியவைத்தார்.